பத்துப் பீஸ் ஆர்டர்
(பனியன் ஊரின் நூல்கள் – 12)

திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டருக்கு எம்பிராய்டரி போடுவது பெரும்பாலும் சட்டையில் இல்லை, சட்டையாகப் போகும் துண்டில். கட்டிங் முடிந்ததும் முன்பக்கத் துண்டுகள் மட்டும் எண் ஒட்டி, கட்டுக் கட்டாக ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போகும். ஒற்றைத் துணி, அடியில் பேக்கிங் பேப்பர். ஃப்ரேமில் இறுக்கி மாட்டிவிட்டால், இருபது தலை மெஷின் ஒரே ஓட்டத்தில் இருபது துண்டுகளில் அதே சின்னத்தைத் தைத்துவிடும். அதன் பிறகுதான் துண்டுகள் சட்டையாகத் தைக்கப் பவர் டேபிளுக்குப் போகும்.

ஒற்றைத் தலை மெஷின் ஒன்றை வைத்துப் பிழைக்கும் சின்ன யூனிட்டுக்கு இந்த வசதி இல்லை. அங்கே வருவதெல்லாம் தைத்து முடித்த பொருள். கல்லூரி நண்பர்களுக்கு ஹூடி, கபடி அணிக்குத் தொப்பி, விடுதிக்கு டவல், கல்யாணத் தாம்பூலத்துக்கு ஜமக்காளத் துணிப் பை. “ஏனுங்ண்ணா, பத்துப் பீஸ்தான், போட்டுக் குடுப்பீங்களா?” என்றுதான் பேச்சு தொடங்கும். பத்துப் பீஸுக்காக இருபது தலை மெஷினை நிறுத்தி டிசைன் மாற்றப் பெரிய யூனிட் சம்மதிக்காது. அந்த வேலைதான் சின்ன யூனிட்டுக்குச் சோறு.

கனமான துணி என்றால் ஊசி இறங்காது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஊசி இறங்கிவிடும். சாதாரண டி-ஷர்ட்டின் சிங்கிள் ஜெர்சி 160, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்றால் ஹூடியின் ஃபிளீஸ் 300-ஐத் தொடும். 75-ம் நம்பர் ஊசியைக் கழற்றி 90 போட்டால் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடலாம். சிக்கல் மேலே வரும்போதுதான். கீழே போன ஊசி திரும்பும் அந்த நொடியில் நூல் சிறு வளையமாகப் பிரிய வேண்டும். சுழன்று வரும் ஹூக் அதைக் கொத்திக்கொண்டு பாபின் நூலைச் சுற்ற வேண்டும். கனத்த துணி ஊசியைப் பிடித்துக்கொண்டு கூடவே எழும்பினால் வளையம் பிரியாது. தையல் விட்டுப்போகும், நூல் அறும், அடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சுருண்டு நிற்கும். அனுபவமுள்ள ஆபரேட்டர் முதலில் துணியை அழுத்தும் காலின் உயரத்தைச் சரிசெய்வார். பிறகு வேகத்தைக் குறைப்பார்.

வேகத்தைக் குறைத்தால் வருமானமும் குறையும். 7,000 ஸ்டிச் உள்ள ஒரு சின்னம் நிமிடத்துக்கு 1,000 என்ற வேகத்தில் 7 நிமிடத்தில் முடியும். 600-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 12 நிமிடம். நிறம் மாற்றுவதும் ஃப்ரேம் மாட்டுவதும் தனி. ஆயிரம் ஸ்டிச்சுக்கு இவ்வளவு என்ற ஊர்க் கணக்கில் இந்த 5 நிமிடத்துக்கு இடமே கிடையாது. தைத்து முடித்த கனமான பொருளுக்குப் பீஸ் கணக்கில் கூலி கேட்பதுதான் நியாயம். தயங்காமல் கேட்க வேண்டும்.

ஃப்ரேம் இன்னொரு தலைவலி. வளையத்துக்குள் ஃபிளீஸை இறுக்கினால் அழுந்திய தடம் லேசில் போகாது. பையின் விளிம்புத் தையலோ உள்துணியோ குறுக்கே வந்தால் வளையம் பூட்டவே பூட்டாது. அப்போது பேக்கிங் பேப்பரை மட்டும் ஃப்ரேமில் இறுக்கி, அதன்மேல் பசை ஸ்ப்ரே அடித்துப் பொருளை ஒட்டிவிடுவார்கள். காந்த ஃப்ரேம் உள்ளவர்களுக்கு இந்தப் பாடு குறைவு. நீலகிரியில் தோடர் பெண்கள் கெட்டியான பருத்திப் போர்வையில் ஃப்ரேமும் இல்லாமல், வரைபடமும் இல்லாமல், இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூ போடுகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. மெஷினுக்கு இழை எண்ணத் தெரியாது. துணி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அதற்குத் தெரியாது.

டவலுக்கு வேறு வைத்தியம். அதன் நூல் வளையங்கள் தையலுக்கு மேலே எட்டிப் பார்த்து எழுத்தை விழுங்கிவிடும். தண்ணீரில் கரையும் மெல்லிய ஃபிலிமை மேலே விரித்து, முதலில் ஓர் அடித்தையல் ஓட்டி, அதன்மேல்தான் எழுத்து. தைத்து முடித்து நனைத்தால் ஃபிலிம் கரைந்துவிடும். தொப்பிக்கு டிசைனையே மாற்ற வேண்டும். நடுவில் தொடங்கி இரு பக்கமும் பிரிந்து, கீழிருந்து மேலே போகும்படி தையல் அமைந்தால்தான் துணி சுருங்காது. இந்த அமைப்பைச் செய்வதற்குப் பெயர் ‘பஞ்சிங்’. காகிதச் சுருளில் ஓட்டை குத்தி மெஷினுக்கு டிசைன் சொன்ன காலத்துச் சொல், கம்ப்யூட்டர் வந்த பிறகும் நிலைத்துவிட்டது.

தோல் பொருளில்தான் மன்னிப்பே கிடையாது. பிரித்துத் தைத்தாலும் ஊசித் துளை அப்படியே நிற்கும். தையலை நெருக்கினால் தபால்தலை விளிம்பு போலக் கிழியும்.

ஊசி உடைவதும் இந்த வேலைகளில்தான் அதிகம். மடிப்புத் தையலில் ஊசி வளைந்து கீழ்த்தகட்டில் மோதும். ஏற்றுமதி யூனிட்டுகளில் உடைந்த ஊசியின் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதுவார்கள். ஒரு நுனி கிடைக்காவிட்டாலும் அந்தப் பீஸ் தனியே போகும். பதிவேடு கேட்க ஆளில்லாத சின்ன யூனிட்டும் இதை விடக்கூடாது. ஊசித் துண்டைக் காட்டிக்கொடுக்கும் டிடெக்டர் வாங்க வசதி இல்லையென்றால் ஒரு காந்தத்தைத் தடவியாவது தேட வேண்டும். உடுத்தப்போவது குழந்தையாகவும் இருக்கலாம்.

பத்து ஹூடியோ பத்துப் பையோ கொண்டுபோகும் வாசகர்கள், பதினொன்றாகக் கொண்டு போங்கள். ஒன்று மாதிரி போட்டுப் பார்க்க. அது கையில் இருந்தால்தான் ஆபரேட்டர் ஊசி, வேகம், ஃப்ரேம் மூன்றையும் சரிபார்த்துவிட்டு உங்கள் பத்தையும் பயமில்லாமல் தொடுவார்.

(அடுத்த வாரம்: பஞ்சிங் போடுபவர்கள்)