வேலியில் வாழும் பச்சோந்தியைக் கொல்ல வேண்டாம்!

வேலி ஓரத்தில் பச்சோந்தி தென்பட்டால் கல்லால் அடிப்பது பல கிராமங்களில் வழக்கம். கடித்தால் விஷம் ஏறும் என்று அஞ்சுகிறார்கள். உண்மையில் பச்சோந்திக்கு விஷம் கிடையாது. பிடிக்கப் போனால் உடலை உப்பி, வாயைத் திறந்து சீறும். அதெல்லாம் வெறும் மிரட்டல்தான்.

ஓணானையும் சிலர் பச்சோந்தி என்கிறார்கள். இரண்டும் வேறு. ஓணான் விரைந்து ஓடும். பச்சோந்தியோ காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் அசைந்து, அடிமேல் அடி வைத்து நகரும். அதன் கால் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து, குறடு போலக் கிளையைப் பற்றும். வால் கிளையைச் சுற்றிக்கொள்ளும். உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. இந்தியாவில் இருப்பது ஒரே இனம். அது இலங்கையிலும் வாழ்கிறது.

பச்சோந்தியின் உணவு வெட்டுக்கிளி முதலிய பூச்சிகள். இரு கண்களையும் தனித்தனியே சுழற்றி இரை தேடும். பூச்சி தெரிந்ததும் இரு கண்களையும் அதன்மேல் நிறுத்தித் தூரத்தைக் கணிக்கும். பிறகு உடல் நீளத்தையும் மிஞ்சும் நாக்கை நொடிப்பொழுதில் நீட்டி இழுத்துக்கொள்ளும். நாக்கு நுனியின் பசையில் பூச்சி ஒட்டிக்கொள்ளும்.

உட்காரும் இடத்திற்கேற்ப நிறம் மாறும் என்பது முழு உண்மையல்ல. வெயில், குளிர், பயம், கோபம், இணை தேடும் வேகம் ஆகியவையே முக்கியக் காரணங்கள். மடகாஸ்கர் தீவின் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்தவர்கள், தோலில் உள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று 2015ல் கண்டறிந்தனர்.

பெண் பச்சோந்தி முட்டையிட மட்டும் மரத்தை விட்டு இறங்கி வரும். ஈர மண்ணில் குழி பறித்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கப் பல மாதங்கள் ஆகும். தரையில் வேகமாக ஓட முடியாததால், அந்த நேரத்தில்தான் நாய்க்கும் வண்டிச் சக்கரத்திற்கும் அதிகமாகப் பலியாகிறது.

பச்சோந்தி ஒன்றே பயிர்ப் பூச்சிகளை ஒழித்துவிடாது. ஆனால் காசு வாங்காமல் பூச்சி பிடிக்கும் பறவை, தவளை, சிலந்தி வரிசையில் இதுவும் ஒன்று. கிளுவை, கள்ளி போன்ற உயிர்வேலிகளை அடியோடு அழித்துக் கம்பி வேலி போட்டால் இதற்குத் தங்க இடமில்லை. வேலியைக் கவாத்து செய்யும்போது ஒரே சமயத்தில் முழுவதையும் வெட்டாமல், பகுதி பகுதியாக வெட்டலாம். கண்ணில் பட்டால் ஒரு குச்சியில் ஏறவிட்டு, பக்கத்துப் புதரில் விட்டுவிடலாம்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சோந்தியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம் என்பதையும் விவசாயிகள் நினைவில் கொள்ள வேண்டும்.