பிலேமோன் வீட்டுச் சபை

பவுலடிகள் கி.பி. முதலாம் நூற்றாண்டிற் சிறையிலிருந்து பிலேமோனுக்கு எழுதிய நிருபம் 25 வசனங்களே கொண்டது. நன்றியறிதலின் கடமை யாதென்பதை அச்சிறு நிருபத்திற் காணலாம்.

ஒநேசிமு பிலேமோனின் அடிமை. எசமானை விட்டுத் தப்பியோடியவன் என்பது மரபுவழி விளக்கம். பவுலிடம் வந்து மனந்திரும்பினான். அவன் பெயருக்குக் கிரேக்க மொழியிற் 'பயனுள்ளவன்' என்பது பொருள். முன்பு பயனற்றிருந்தவன் இன்று பெயருக்கேற்றவனாயினான் எனப் பவுல் சிலேடையாகக் கூறுகின்றார். விலங்கிடப்பட்டும் நகைச்சுவை குன்றாத மனிதர்!

அவனைத் திருப்பியனுப்பி, அடிமையாகவன்று, சகோதரனாக ஏற்குமாறு வேண்டுகின்றார். அவன் பட்ட கடன் ஏதுமிருப்பின் தாமே இறுப்பதாகக் கைப்பட எழுதுகின்றார். பிலேமோன் தம்மையே பவுலுக்குக் கடன்பட்டவர் என்பதையும், சொல்லாமற் சொல்லுவார்போல், நினைவூட்டுகின்றார். புதுவாழ்வு பெற்றவர் அந்நன்றியைத் தம் அடிமைக்குச் செலுத்தவேண்டியதாயிற்று.

இந்நிருபம் பிலேமோனுக்கு மட்டுமன்றி அவர் வீட்டிற் கூடிய சபைக்கும் முகவரியிடப்பட்டது. ஆகவே மன்னிப்பு இருவருக்கிடையே அடங்கும் காரியமன்று. எசமானும் அடிமையும் ஒரே பந்தியில் அப்பம் பிட்கவேண்டிய சபை அது. ஒருவர் முகந்திருப்பின் பந்தியே பிளவுபடும்.

பிலேமோன் என்ன செய்தார்? நிருபத்தில் விடையில்லை. தமக்குத் தங்குமிடம் ஆயத்தஞ் செய்யும்படி மட்டும் பவுல் இறுதியிற் கேட்கின்றார். நேரில் வந்து பார்க்க எண்ணினார் போலும்.