டாக்டர் கேட்கத் தயங்கும் கேள்வி

கிள்ளானில் லோரி ஓட்டும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். விலாவில் அக்கி வந்து ஒரு கிளினிக்கில் மருந்து வாங்குகிறார். ஆறு மாதம் கழித்து வாயில் வெள்ளைப் படலம், வேறொரு கிளினிக். அப்புறம் விடாத வயிற்றுப்போக்கு, உடல் இளைப்பு. கடைசியில் மூச்சுத் திணறி மருத்துவமனையில் படுக்கும்போதுதான் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்கள் அதற்குள் 200-க்கும் கீழே போயிருக்கும். மூன்று முறை டாக்டரைப் பார்த்தும், பரிசோதனை என்ற பேச்சே எழவில்லை!

நோயாளி சொல்லவில்லையே என்பார்கள். தனக்கே தெரியாததை அவர் எப்படிச் சொல்வார்? அக்கி, வாய்ப்புண் படலம், காரணமில்லாத எடைக் குறைவு, அடிக்கடி வரும் நிமோனியா ஆகியவற்றைக் கண்டால் எச்.ஐ.வி.யையும் நினைக்க வேண்டியது மருத்துவர்தான்.

மலேசியாவில் முதல் தொற்று 1986-இல் கண்டறியப்பட்டது. பின்னர் பல ஆண்டுகள் அது போதை ஊசியோடு சேர்த்தே பேசப்பட்டது. 'ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே' என்ற எண்ணம் மருத்துவப் பணியாளர்களிடமும் ஒட்டிக்கொண்டது. இன்றோ பெரும்பாலான புதிய தொற்றுகள் உடலுறவு வழி வருபவை. பிரிக்பீல்ட்ஸில் கழுத்துப்பட்டை கட்டி வேலைக்குப் போகிறவருக்கும் வரலாம்.

கேட்டால் பலன் உண்டா? நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1998 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு சேர்க்கப்பட்டது. எல்லாருக்கும் உண்டு என்றானதும் கூச்சம் குறைந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்ததற்காக 2018 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு நாம்தான். ஆனால், புதிதாகத் தொற்று கண்டறியப்படுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் தாய்சேய் நல கிளினிக்குக்கு வருவதில்லையே!

லண்டனின் ஹாக்னி பகுதியில் 40 பொது மருத்துவர் கிளினிக்குகளில் ஓர் ஆய்வு நடந்து, 2015-இல் வெளியானது. பாதி கிளினிக்குகளின் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, புதிதாகப் பதிவு செய்ய வருவோரிடம் விரல் நுனி ரத்தப் பரிசோதனைக்கு விருப்பமா என்று கேட்க வைத்தார்கள். அங்கே தொற்று கண்டறியப்பட்ட விகிதம் மற்ற கிளினிக்குகளைவிடச் சுமார் நான்கு மடங்கு!

பயிற்சி என்றதும் தடித்த புத்தகம் நினைவுக்கு வரலாம். பாதிப் பயிற்சி பேச்சில்தான் இருக்கிறது. "உங்களுக்கு அந்த மாதிரிப் பழக்கம் ஏதும் உண்டா?" என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்? அதையே தாதி, "அண்ணே, இப்படி அக்கி வந்தால் இந்த ரத்த டெஸ்டையும் சேர்த்தே எடுப்போம். உங்களுக்குச் சம்மதமா? வேண்டாமென்றாலும் பரவாயில்லை" என்று சொல்லிப் பார்க்கட்டும். சம்மதம் கேட்பதை மட்டும் விட்டுவிடக்கூடாது. முகப்பில் இருப்பவருக்கும் பயிற்சி தேவை. வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா நிற்கும்போது "எச்.ஐ.வி. ரிசல்ட்டா?" என்று குரல் கொடுத்தால், அந்த மனிதர் மறுபடி வரமாட்டார்.

1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொற்று உறுதியானால் மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அது முதலாளிக்கோ உறவினருக்கோ போகும் தகவல் அன்று. இதையும் நோயாளிக்கு விளக்கியாக வேண்டும்; பயந்து ஓடுகிறவர்களில் பலர் இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

சீக்கிரம் தெரிந்தால் தினசரி மாத்திரையோடு ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழலாம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவுவதுமில்லை. ஒன்று மட்டும்: தொற்றிய மறுநாளே பரிசோதனையில் தெரியாது. இப்போதைய ஆய்வகப் பரிசோதனைகளுக்குச் சுமார் 45 நாள், சுயபரிசோதனைக் கருவிக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். கருவி 'உண்டு' என்று காட்டினால் ஆய்வகத்தில் உறுதி செய்த பிறகே முடிவு.