எண்ணெய் ஊரும் எங்கள் வீடுகளும்

"வாப்பா சவூதியில்" என்று காத்தான்குடிப் பிள்ளையும், "அப்பா கட்டாரில்" என்று வாவிக்கு இக்கரையில் வவுணதீவுப் பிள்ளையும் சொல்வதை ஓர் ஆசிரியராகக் கேட்டு வருகிறேன். அந்த எண்ணெய் ஊர்களின் ஆரம்பக் கதையை நாம் அறிவது நல்லது.

1938 மார்ச்சில், சவூதியின் கிழக்கே தஹ்ரானில், தம்மாம் 7ஆம் இலக்கக் கிணற்றில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது. வேலைக்கு ஆட்கள் திரண்டனர். அமெரிக்க ஊழியர்களுக்கு வேலியிட்ட குடியிருப்பு. அங்கே குடும்பமும் இருந்தது, பிள்ளைகளுக்குப் பாடசாலையும் இருந்தது. சவூதித் தொழிலாளர்களோ ஈச்ச ஓலைக் குடிசைகளில் தனியாகத் தங்கினர். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தனர்.

1953 ஒக்டோபரில் சுமார் 13,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னரே வீட்டுக்கடன் திட்டம் பரவலானது. அவர்களின் பிள்ளைகளுக்கும் அராம்கோ கம்பனி பாடசாலைகளைக் கட்டிக் கொடுத்தது. சம்பளம் மட்டும் போதாது, குடும்பமும் வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

இன்று அங்கு செல்லும் நம்மவர்களில் பலர் தனியாகவே போகின்றனர். அனுப்பும் காசில் வீடு எழும்புகிறது. பிள்ளையின் கொப்பியைப் பார்க்கத்தான் ஆளில்லை. பள்ளிவாசல் நிருவாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் மாலையில் ஒரு மணிநேரம் இப்பிள்ளைகளுக்காக ஒதுக்கக் கூடாதா?