அரைப் பேரும் முழுப் பேரும்

மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு வழங்கிவரும் சொல் 'பேர்' என்பது. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் கூடி, கணக்கப்பிள்ளை பிரித்துக் கொடுத்த மலைக்குச் சென்று, குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தவருக்கு அன்றைக்குப் 'பேர்' உண்டு. நிறை குறைந்துவிட்டால் 'அரைப் பேர்'. எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்பதே மாத முடிவில் ஒவ்வொரு லயத்திலும் எழும் கேள்வி. செக்ரோலில் விழும் பேர்தான் அடுப்பை எரியச் செய்கிறது. பிள்ளைக்குக் கொப்பியும் பென்சிலும் வாங்கித் தருகிறது.

இந்தச் சொல்லை முதன்முதலில் வழங்கியவர் யாரோ! ஆனால் ஆழமான பொருள் ஒன்று இதில் அடங்கிக் கிடக்கிறது. மனிதன் செய்யும் தொழிலே அவனுக்குப் பெயராகிறது. அப்படியானால், முழுச் சம்பளம் பெற்றும் இத்தொழிலை எதற்காகச் செய்கிறோம் என்று அறியாமலே காலத்தைக் கழிப்பவனுக்கு விழுவது முழுப் பேரா, அரைப் பேரா? கல்லூரிப் படிப்பை முடித்து உத்தியோக வாசலில் நிற்கும் இளைஞர்களும், அவர்களை அங்கே கொண்டு வந்து நிறுத்திய பெற்றோர்களும் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நன்று.

பெற்றோரின் ஆசை

"நான் பட்ட பாடு என் பிள்ளை படக்கூடாது." தோட்டத்திலே வாழும் தாய்மார் வாயில் அடிக்கடி கேட்கும் சொல் இது. இதைவிட நியாயமான ஆசை வேறொன்று இருக்க முடியாது. 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தோம். முதலில் காடு வெட்டிக் கோப்பி பயிரிட்டு, கோப்பி நோயால் அழிந்த பின்னர் தேயிலையை வளர்த்து, தலைமுறை தலைமுறையாக இம்மலைகளில் உழைத்த மக்கள் தம் பிள்ளைகளாவது கூடை சுமக்காமல் இருக்கட்டும் என்று விரும்புவதில் தவறென்ன?

ஆயினும் ஓர் உண்மையை மறந்துவிடலாகாது. எதை விட்டு ஓட வேண்டும் என்பதை அந்த ஆசை தெளிவாகச் சொல்லுகிறது. எதை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதை அது சொல்லுவதில்லை. ஆகவேதான் நம் மாணவரிடம் "என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால், "கொழும்பிலே ஏதாவது ஒரு வேலை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த 'ஏதாவது ஒன்று' கைக்கு வந்த பிறகு, சில ஆண்டுகளுக்குள் மனத்திலே ஒரு வெறுமை குடிபுகுகிறது. சம்பளம் வருகிறது, நாளும் கழிகிறது. ஆனால் மாலையில் வீடு திரும்பும்போது, இன்று நான் செய்ததில் என்னுடையது எது என்ற கேள்விக்கு விடை இல்லை.

கை அறிந்த வித்தை

கூடை சுமப்பது இழிவு என்று நினைப்பவர்கள் ஒரு நாள் மலைச்சரிவிலே நின்று கொழுந்தெடுப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு குருத்தும் சேர்ந்த இளந்தளிரை மட்டும் கிள்ள வேண்டும். முற்றிய இலை கலந்தால் தேயிலையின் தரம் கெடும். அளவுக்கு மீறிக் கிள்ளினால் செடியின் பலம் குன்றும். மட்டக்கம்பைச் செடிமேல் வைத்து மட்டம் பார்த்துப் பறிக்கும் அந்தப் பெண்ணின் இரு கைகளும் இரண்டு பறவைகளைப்போலப் பறந்து பறந்து வேலை செய்கின்றன. தொழிற்சாலையிலே கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்து, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. அந்தத் தூளின் மணம் உலகச் சந்தையிலே இலங்கையின் பெயரைச் சொல்லுகிறது. ஆனால் அந்த மணத்தின் முதற்காரணமாகிய கையின் பெயர் எந்தப் பெட்டியிலும் அச்சாவதில்லை.

இதை இங்கே சொல்லுவது வறுமைக்குப் பூச்சூட்டுவதற்கு அன்று. கை நிறைய வித்தை இருந்தும் வயிறு நிறையவில்லை என்றால், அது தொழிலின் குற்றமாகாது. தொழிலுக்கு உரிய விலை கொடாதவர்களின் குற்றமே. "உன் வேலையில் மகிழ்ச்சி காண்" என்று பசித்தவனுக்குப் போதிப்பது கொடுமை. நியாயமான கூலியும், ஒழுகாத கூரையும், பிள்ளைக்குப் பள்ளியும் கிடைத்த பின்பே நோக்கம், நிறைவு என்ற சொற்களுக்குப் பொருள் உண்டு. அப்படியிருந்தும், அவை ஒன்றும் கிடைக்காத காலத்திலேயே தம் தொழிலின் நோக்கத்தைக் கண்டுகொண்டவர் சிலர் இம்மலைகளில் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கை நமக்குப் பாடமாகத்தக்கது.

புடவைக்காரர் வேடம்

தஞ்சாவூரைச் சேர்ந்த கோ. நடேசய்யர் வணிகம் சார்ந்த எழுத்தில் ஈடுபட்டிருந்தவர். இலங்கைக்கு வந்தவர் தோட்ட மக்களின் நிலையை நேரில் காண விரும்பினார். அக்காலத்தில் வெளியார் தோட்டத்துக்குள் கால் வைப்பது எளிதன்று. துரையின் அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம். ஆகவே அவர் புடவை வியாபாரியைப்போல வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்று வந்தார் என்று வழிவழியாகச் சொல்லுகிறார்கள். அங்கே கண்ட காட்சி அவருடைய வாழ்வின் திசையையே மாற்றிவிட்டது. 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். 1931இல் ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக விளங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களிலே பாட்டுப் பாடி மக்களைத் திரட்டினார்.

நடேசய்யரிடத்தில் இருந்த திறமை புதிதாக வந்ததன்று. எழுத்தும் கணக்கும் பேச்சும் முன்பே அவரிடம் இருந்தன. யாருக்காக அவற்றைப் பயன்படுத்துவது என்பதே தோட்டத்தில் கிடைத்த விடை. நோக்கம் என்பதைத் தேடிப் பலர் தம் உள்ளத்தையே துருவித் துருவிப் பார்க்கிறார்கள். அது சில வேளைகளில் வெளியே, பிறருடைய வாசலில் நமக்காகக் காத்திருக்கிறது.

மடக்கொம்பரையில் பிறந்தவர்

வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. கங்காணிக் குடும்பத்துப் பிள்ளையாதலால், அக்காலத் தோட்டச் சிறுவருக்கு எட்டாத ஆங்கிலக் கல்வி அவருக்குக் கிட்டியது. விரும்பியிருந்தால் நல்ல உத்தியோகம் ஒன்றில் அமர்ந்து, லயங்களைத் திரும்பிப் பாராமலே வாழ்ந்திருக்கலாம். ஆங்கிலத்திலே கவிதை எழுதும் ஆற்றலும் இருந்தது. ஆனால் பிறர் பாடிய நிலவையும் குயிலையும் தாமும் பாடிக்கொண்டிருப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. விடியலில் ஒலிக்கும் தப்பின் ஓசையும், பனியிலே நடுங்கி நிற்கும் பெண்களும், கல்லறை ஒன்றும் இல்லாமல் தேயிலையின் அடியிலே உறங்கும் முன்னோரும் அவருடைய கவிதைக்குள் வந்தார்கள். 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற அந்த ஆங்கிலப் படைப்பைக் கவிஞர் சக்தீ பாலஐயா தமிழாக்கித் தந்தார். கற்றுக்கொண்ட மொழியிலே எழுதியபோதும், தாம் அறிந்த வாழ்வையே எழுதினார் என்பதுதான் அவருடைய எழுத்தின் உண்மை.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார் வேலுப்பிள்ளை. வெளிப்பார்வைக்கு, ஒரு தோட்டத்து இளைஞன் அடையக்கூடிய உச்சம் அதுவே. அந்த உச்சம் எத்தனை காலம் நிலைத்தது?

நாற்காலி போன பின்னர்

1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்குரிமையையும் பறித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இம்மக்களின் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. வாக்களித்த மக்களுக்கே வாக்கு இல்லை என்றான பின், உறுப்பினரின் நாற்காலி எங்கே நிற்கும்?

இங்கேதான் மனிதனுக்குச் சோதனை வருகிறது. பதவியே தம் தொழில் என்று கொண்டிருந்தால், வேலுப்பிள்ளையின் கதை அந்த ஆண்டோடு முடிந்திருக்கும். அவர் தொழிற்சங்கத்திலே உழைத்தார், எழுதினார். தோட்டத்தில் வேலை போனால் லயக் காம்பராவும் போய்விடும் என்ற கொடிய நியதியை உள்ளத்தில் வைத்து, சங்கம் அமைக்கத் துணிந்த தொழிலாளி ஒருவனின் கதையை 'வீடற்றவன்' என்னும் நாவலாக்கினார். 'மாவலி' என்ற இதழுக்கு ஆசிரியராக இருந்தார். தம் மக்களின் வரலாற்றையும் வாழ்க்கையையும் 'பார்ன் டு லேபர்' என்ற ஆங்கில நூலிலே பதிந்து, இந்நாட்டின் பிறமொழியாளரும் அறியச் செய்தார்.

இவை யாவற்றிலும் சிறந்ததாக நாம் கருதத்தக்க பணி ஒன்று உண்டு. லயங்களில் வழங்கிவந்த நாட்டுப் பாடல்களை அவர் தேடித் திரட்டினார். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்தெடுக்கும்போது பாடும் பாட்டு, கங்காணியை மறைவாகக் கேலி செய்யும் பாட்டு எனப் பாட்டிமார் நாவிலே மட்டும் இருந்தவற்றை ஏட்டிலே ஏற்றினார். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர் என்று முடிவாயிற்று. குடும்பங்கள் பிரிந்து கப்பல் ஏறிய அக்காலத்தில், பாட்டியோடு பாட்டும் போய்விடும் நிலை. அதைத் தடுத்து நிறுத்த எந்தச் சட்டமும் இல்லை. காது கொடுத்துக் கேட்க ஒருவர் இருந்தார். 1984இல் அவர் மறைந்தார். அந்தத் தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற பெயரில் நூலாக வெளிவந்தது. பாராளுமன்றத்தில் அவர் அமர்ந்த இடத்தில் பின்னர் எத்தனையோ பேர் அமர்ந்துவிட்டார்கள். அந்தப் பாடல்களைத் திரட்டிய இடத்தில் அவரே இருக்கிறார்.

கடல் கடந்தும் அதே பணி

ஆசிரியத் தொழிலிலும் இத்தகைய உதாரணம் உண்டு. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியிலே ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கம், பாடப் புத்தகத்தோடு தம் கடமை முடிந்ததாக எண்ணவில்லை. 'நாம் யார்?' என்று தம்மைத் தாமே கேட்கும் துணிவை அறுபதுகளின் மலையக இளைஞரிடம் வளர்த்தார். எழுத்தாளரும் ஆசிரியரும் சமூகப் பணியாளருமாகப் பலர் அந்தத் தலைமுறையில் எழுந்தனர். பிற்காலத்தில் தமிழ்நாட்டுக்குச் சென்றபோது, நீலகிரியிலே தாயகம் திரும்பிய மலையக மக்களின் துயர் துடைக்க அவர் உழைத்தார். நாடு மாறியது, வகுப்பறை போயிற்று, பணி மாறவில்லை.

மூன்று கேள்விகள்

இவர்களுடைய வாழ்விலிருந்து மாணவர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளத்தக்க மூன்று கேள்விகள் பிறக்கின்றன.

முதலாவது: என் வேலையால் யாருடைய சுமை சிறிதளவேனும் குறைகிறது? விடை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தோட்ட மருந்தகத்திலே கிழவி ஒருத்திக்கு மருந்து உண்ணும் முறையைப் பொறுமையாகச் சொல்லித்தருபவர், கொழுந்தின் நிறையை ஒரு கிராமும் குறையாமல் எழுதும் கணக்கப்பிள்ளை, தபாற் கந்தோரிலே எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுப்பவர் ஆகிய எல்லோரிடமும் இதற்கு விடை உண்டு.

இரண்டாவது: இந்த வேலையில் நான் நானாக இருக்கிறேனா? தோட்டத்தில் பிறந்ததை மறைத்து, பேச்சை மாற்றி, ஊரின் பெயரைக் கேட்டால் "நுவரெலியாப் பக்கம்" என்று மழுப்பி வாழ்பவனுக்கு எந்த உத்தியோகமும் நிறைவு தராது. வேரை மறைத்த மரம் காற்றுக்கு அஞ்சிக்கொண்டே நிற்கும்.

மூன்றாவது: நாளைக்கு இந்த நாற்காலி போய்விட்டால், என்னிடம் எஞ்சுவது என்ன? எஞ்சுவது ஒன்றுமில்லை என்றால், நாம் செய்தது உத்தியோகம், தொழில் அன்று.

இக்கேள்விகளுக்கு விடை ஒரே நாளில் கிடைத்துவிடாது. முதலில் கிடைக்கும் வேலையை ஏற்றுக்கொள்வதிலும் இழுக்கில்லை. குடும்பத்தின் கடனை அடைக்க வேண்டிய பிள்ளை, மனத்துக்குப் பிடித்த வேலை வரும்வரை காத்திருக்க இயலுமா? வயிற்றுக்காகத் தொடங்கிய வேலையிலும் வாழ்க்கைக்கு உரிய பணியைக் காணலாம். வணிக எழுத்தராக வந்த நடேசய்யரே அதற்குச் சாட்சி.

இன்று வழிகள் பல திறந்திருக்கின்றன. நாடற்றவர் என்ற நிலையைப் போக்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கி அனுப்புகிறது. சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் தாதியரும் லயங்களிலிருந்து வந்திருக்கிறார்கள். மலைக்கு மேலே திரும்பி வந்து பணி செய்பவர் உண்டு. கொழும்பிலும் கடல் கடந்தும் இருந்துகொண்டே தம் மக்களுக்கு உதவுபவரும் உண்டு. எங்கே இருக்கிறோம் என்பதைவிட யாரை நினைத்துக்கொண்டு இருக்கிறோம் என்பதே பெரிது.

மாணவச் செல்வங்களே! உங்களுடைய தாய் இந்த மாதம் எத்தனை பேர் போட்டாள் என்பது செக்ரோலில் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றைக் கூட்டித்தான் உங்களைப் பள்ளிக்கு அனுப்பினாள். அவள் போட்ட பேர்களுக்கெல்லாம் ஈடாக நீங்கள் எடுக்கவேண்டிய பேர் ஒன்று உண்டு. அதைக் கணக்கப்பிள்ளை எழுதமாட்டார், துரையும் எழுதமாட்டார். அதை நீங்களே எழுத வேண்டும். அது முழுப் பேராக இருக்கட்டும்.