வீட்டில் ஓடிய பைத்தான் நிரல் பள்ளியில் ஏன் மக்கர் பண்ணுகிறது?



கிள்ளானில் படிவம் 5 மாணவி ஒருத்தி, தமிழ்ச் சொற்களைத் தேடும் பைத்தான் நிரலை வீட்டு மடிக்கணினியில் எழுதி முடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் படைப்பு. அங்குள்ள கணினியில் அதே நூலகத்தை 'பிப்' கொண்டு நிறுவப் போனால், 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை' என்று பிழைச் செய்தி வருகிறது. அவள் நிரலில் சி++ ஒரு வரிகூட இல்லையே! அப்புறம் ஏன்?

அவள் பயன்படுத்திய நூலகம் பைஸ்டெம்மர். சொல்லின் விகுதிகளைக் களைந்து அடிச்சொல்லைத் தருவது இதன் வேலை. பைத்தானிலிருந்து அழைத்தாலும், உள்ளே வேலை செய்வது சி மொழி நிரல். இதைத்தான் 'சி நீட்சி' என்கிறோம். வேகம் அதிகம். ஆனால் சி நிரலை முதலில் இயந்திர மொழிக்குத் தொகுக்க வேண்டும். விண்டோஸுக்குத் தொகுத்தது மேக்கில் ஓடாது.

அதனால் நூலகத்தை உருவாக்குபவர்கள் ஒவ்வொரு கணினி வகைக்கும் தனித்தனியாகத் தொகுத்து, 'வீல்' என்ற பொதியாக வெளியிடுகிறார்கள். பொருத்தமான வீல் கிடைக்காவிட்டால், பிப் மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே தொகுக்கப் பார்க்கும். தொகுப்பி இல்லையா? அந்தப் பிழைச் செய்திதான் வரும்.

வீல் கோப்பின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 'சிபி312' என்றால் பைத்தான் 3.12. 'வின்_ஏஎம்டி64' என்றால் 64 பிட் விண்டோஸ். 'நன்-எனி' என்று முடிந்தால் தொகுத்த பகுதி எதுவும் அதில் இல்லை; எந்தக் கணினியிலும் நிறுவலாம்.

இதற்கு நல்ல பாடம் ஸ்னோபால் திட்டம். 2019-இல் வெளிவந்த அதன் 2.0 பதிப்பில் தமிழும் சேர்ந்தது. ஒரே விதிமுறையிலிருந்து சி நிரலையும் உருவாக்கலாம், பைத்தான் நிரலையும் உருவாக்கலாம். 'ஸ்னோபால்ஸ்டெம்மர்' என்ற நூலகம் முழுக்கப் பைத்தானில் உள்ளது. கணினியில் பைஸ்டெம்மர் இருந்தால் அதன் வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடும். நம் மாணவி இதை நிறுவியிருந்தால் தப்பித்திருப்பாள்.

படைப்புக்கு முன் செய்ய வேண்டியவை:

1. பள்ளிக் கணினியின் பைத்தான் பதிப்பையும், 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. அதே வகைக் கணினியில் 'பிப் டவுன்லோட்' கட்டளையால் வீல்களை இறக்கி, விரலியில் எடுத்துச் செல்லுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் நிறுவலாம்.
3. சொந்தமாகச் சி நீட்சி எழுதினால், அதே வேலையைச் செய்யும் பைத்தான் வடிவத்தையும் பொதியில் வையுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: 'தொகுப்பி, வரிமொழிமாற்றி வேறுபாடு யாது?' என்ற பாடத்தை வரையறையோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு வீல் கோப்புகளின் பெயர்களைப் பலகையில் எழுதி, எது எந்தக் கணினியில் ஓடும் என்று கேளுங்கள். மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.