வேண்டா மின்னஞ்சலைத் தடுப்பது யார் பொறுப்பு?

தபால்காரர் ஒருவர் நமக்கு வரும் கடிதங்களைத் தாமே ஆராய்ந்து, வேண்டாதவை எனத் தமக்குத் தோன்றியவற்றை வழியிலேயே போட்டுவிட்டு வந்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா? ஒருக்காலும் மாட்டோம். ஆயினும் மின்னஞ்சல் விஷயத்தில் அதற்கு ஒப்பான வேலையை அஞ்சல் நிறுவனங்கள் நம்மைக் கேளாமலே நாள்தோறும் செய்து வருகின்றன. இது முறையாகுமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

கேளாமல் வந்து குவியும் விளம்பர அஞ்சல்களையும் மோசடி அஞ்சல்களையும் ‘ஸ்பேம்’ என்பர். 1978ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலர், அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதே இதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. கடிதம் எழுதுவோர் ஒவ்வொன்றுக்கும் தபால்தலை ஒட்டவேண்டும். ஆதலின் ஆயிரம் பேருக்கு எழுதுமுன் யோசிப்பர். மின்னஞ்சலிலோ அனுப்புவோருக்குச் செலவு அநேகமாக இல்லை. லட்சம் பேருள் ஒருவர் ஏமாந்தாலும் அவர்களுக்கு லாபமே. சுமை முழுவதும் அஞ்சலைத் தாங்கும் நிறுவனத்தையும் பெறுபவரையுமே சார்கிறது.

ஆகவேதான் தடுக்கும் உரிமை பற்றி வழக்கும் எழுந்தது. சைபர் புரொமோஷன்ஸ் என்ற விளம்பர நிறுவனத்திற்கும் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்திற்கும் இடையே நடந்த வழக்கில், ஒரு தனியார் நிறுவனத்தின் கணினிகள் வழியே அதன் விருப்பத்திற்கு மாறாக விளம்பரம் அனுப்பப் பேச்சுரிமை இடந்தராது என்று பென்சில்வேனியாவிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

உரிமை உண்டென்பதால் பிழை நேராது என்பதில்லை. அஞ்சல் எந்தக் கணினியிலிருந்து வருகிறது, அனுப்புநர் பெயர் மெய்தானா, எத்தகைய சொற்கள் அதில் உள்ளன, முன்னர் எத்தனை பேர் அவ்வனுப்புநர்மீது குறை கூறினர் என்பனவற்றைக் கணக்கிட்டே சல்லடை வேலை செய்கிறது. இஃது ஊகமேயன்றி உறுதியன்று. சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கினால் பதரும் இறங்கும். சிறிதாக்கினால் மணியும் தங்கிவிடும்.

நம் ஒன்றியத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவினர் தொழிற் பயிற்சிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தனர். அழைப்பு வந்தது, ஆனால் ஸ்பேம் பெட்டியில் விழுந்தது. அவர்கள் அதனைக் கண்டபோது பயிற்சி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. இழந்த வாய்ப்பை எவர் ஈடு செய்வது?

அதற்காகச் சல்லடையே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பரிசு விழுந்தது, வங்கிக் கணக்கு முடங்கியது என்று வரும் பொய்யஞ்சல்களை எல்லோரும் இனங்கண்டு விலக்குவர் என எதிர்பார்க்க முடியாது. நிறுவனம் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஐயத்திற்குரியதைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டுமேயன்றி, சொல்லாமல் அழித்துவிடலாகாது. இறுதி முடிவு பெறுபவருடையதாகவே இருத்தல் வேண்டும். நம் நாட்டில் தொலைபேசி விளம்பரங்களுக்கு இம்முறை உண்டு. 1909 என்னும் எண்ணில் பதிவு செய்து, எவ்வகை விளம்பரம் வேண்டும், எது வேண்டாம் என்பதைச் சந்தாதாரரே தெரிவிக்கலாம்.

பெறுபவர் கடமையும் சிறிது உண்டு. ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டியிலுள்ளவை 30 நாட்களுக்குப்பின் தாமே அழிந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறையேனும் அப்பெட்டியைத் திறந்து பார்த்தல் நலம். நல்ல அஞ்சல் இருப்பின் ‘ஸ்பேம் அல்ல’ என்று குறித்தால் சல்லடையும் பாடம் கற்கும். அறியாதவர் அனுப்பிய இணைப்பை அழுத்தலாகாது. பணம் இழந்தோர் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இப்பொறுப்பை ஏற்பின், வரவேண்டிய அழைப்பு ஒன்றும் வீணாகாது.